மூன்றாம் பாகம் பிடித்ததா, இல்லையா: அறுபது பேரின் பதிலை எப்படி வாசிப்பது?

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ் டவுனிலும் 60 பேரிடம், கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் தொடரில் மூன்றாவதும் கடைசியுமாக 2012-இல் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 31 பேர் "ஏமாத்திட்டாங்க" என்றார்கள். 29 பேர் மூன்று படங்களிலும் இதுதான் உச்சம் என்றார்கள். இணையத்தைத் திறந்தால், விமர்சனங்களைத் தொகுக்கும் 'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தில் விமர்சகர் மதிப்பெண் 87 விழுக்காடு என்று நிற்கிறது. இதில் எது ரசிகர்களின் உண்மையான எதிர்வினை, கல்லூரி ஆய்வேட்டில் எதை எழுதுவது, அடுத்து ஒரு சூப்பர்ஹீரோ தொடரின் கடைசிப் படம் வரும்போது திரையரங்கு வாசலில் நின்று எப்படிக் கேட்டால் இந்தக் குழப்பம் வராது என்பது உங்கள் கேள்வி. பார்வையாளர் ஆய்வில் பெற்ற பயிற்சியை வைத்துப் பதில் சொல்கிறேன். உங்களிடம் உள்ள எண்கள் வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த பதில்கள். அதனால்தான் மோதுவதுபோல் தெரிகின்றன.

முதலில் கணக்கு. 60 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருந்தால்கூட, பாதிக்குப் பாதி வரும் விடையில் இருபுறமும் ஏறத்தாழ 13 விழுக்காடு பிழை இருக்கும். ஆகவே 31-க்கும் 29-க்கும் இடையில் வேறுபாடே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். நீங்கள் கேட்டதோ கூட்டாளிகளையும் கூட்டாளிகளின் கூட்டாளிகளையும். அப்படிப்பட்ட மாதிரிக்கு அந்தப் பிழைக் கணக்குகூடப் பொருந்தாது. "பெரும்பான்மையினர் ஏமாற்றமடைந்தனர்" என்று எழுதிவிடாதீர்கள். "கேட்டவர்களிடையே கருத்து இரண்டாகப் பிளந்திருந்தது" என்று எழுதலாம், அது உறுதியானது. அடுத்து அந்த 87. நூற்றுக்கு 87 விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்பதே அதன் பொருள். படத்துக்கு 87 மதிப்பெண் கிடைத்தது என்று அல்ல. எல்லா விமர்சகரும் பத்துக்கு ஆறரை கொடுத்திருந்தாலும் அந்தத் தளத்தில் நூறு விழுக்காடு காட்டும். உங்கள் 29 பேரின் பரவசத்தையும் 31 பேரின் வருத்தத்தையும் அந்த எண்ணால் அளக்க முடியாது. இன்னொன்றும் உண்டு: அதே 2012 ஜூலையில், படம் வெளியாகும் முன்பே, எதிர்மறையாக எழுதிய விமர்சகர்கள்மீது ரசிகர்கள் மிரட்டல் மழை பொழிந்ததால், 'ராட்டன் டொமேட்டோஸ்' தளம் அந்தப் படத்தின் விமர்சனங்களுக்குக் கீழே கருத்து எழுதுவதையே நிறுத்தி வைத்தது. படம் பார்க்காதவர்களின் எதிர்வினையும் 'ரசிகர் எதிர்வினை' என்ற பெயரில்தான் சுற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ரசிகர்கள் படம் முடிந்து வெளியே வரும் நேரத்தில் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய வேறொரு அளவு இருக்கிறது. 'சினிமாஸ்கோர்' என்ற அமெரிக்க நிறுவனம் 1979 முதல், படம் வெளியாகும் முதல் இரவில் பார்வையாளர்கள் கையில் அட்டை கொடுத்து, பள்ளித் தேர்வுபோல் 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் போடச் சொல்கிறது. 2008-இல் வந்த இரண்டாம் பாகமான 'தி டார்க் நைட்' பெற்றது 'ஏ'. 2012-இல் மூன்றாம் பாகம் பெற்றதும் 'ஏ'. அதாவது முதல் இரவு வாசலில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அந்த அட்டை வட அமெரிக்கத் திரையரங்குகளில் மட்டும் கொடுக்கப்படுகிறது. முதல் இரவே டிக்கெட் வாங்கி வருபவர்கள் ஏற்கெனவே காதல் கொண்டவர்கள். சூப்பர்ஹீரோ படங்களுக்கு 'ஏ' வருவது அதிசயமில்லை, 'பி பிளஸ்' வந்தாலே கூட்டம் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது என்று பொருள். சாம் ரைமி இயக்கிய மூன்று 'ஸ்பைடர்மேன்' படங்களில் முதல் இரண்டும் 'ஏ மைனஸ்', 2007-இல் வந்த மூன்றாவது 'பி பிளஸ்'. ஒரே ஒரு படி இறக்கம்தான், ஆனால் அந்த அளவுகோலில் அது பெரிய இறக்கம்.

முதல் இரவின் சூடு ஆறிய பிறகு என்ன ஆனது என்பதை வசூல் கொஞ்சம் காட்டும். வட அமெரிக்க மொத்த வசூலை முதல் வாரயிறுதி வசூலால் வகுத்துப் பாருங்கள். 'தி டார்க் நைட்' முதல் வாரயிறுதியில் 158 மில்லியன் டாலர், மறுவெளியீடும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 533 மில்லியன், வகுத்தால் 3.4. 'ரைசஸ்' 161 மில்லியனில் தொடங்கி 448-இல் முடிந்தது, 2.8. 'ஸ்பைடர்மேன் 3' 151-இல் தொடங்கி 336; வெறும் 2.2. 2023-இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகம் 118-இல் தொடங்கி 359-ஐத் தொட்டது, 3.0. அதன் இரண்டாம் வாரயிறுதி வீழ்ச்சி 48 விழுக்காடுதான். 2006-இல் வந்த 'எக்ஸ்மென்' மூன்றாம் பாகம் இரண்டாம் வாரயிறுதியில் 67 விழுக்காடு விழுந்தது. பார்த்தவர்கள் மறுபடி வந்தார்களா, பார்க்காதவர்களை அழைத்து வந்தார்களா என்பது இந்த எண்களில் ஓரளவு தெரியும்.

ஓரளவுதான். 'ரைசஸ்' வெளியான நள்ளிரவுக் காட்சியில் கொலராடோ மாநிலத்தின் ஓரோரா நகரத் திரையரங்கில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்தில் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிவிட்டது. அந்த 2.8-இல் எவ்வளவு ஏமாற்றம், எவ்வளவு பயம், எவ்வளவு விளையாட்டு என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. எதிர்ப்பக்கமும் அப்படியே: 'தி டார்க் நைட்' வெளியாவதற்கு ஆறு மாதம் முன்பு, 2008 ஜனவரியில், அதில் ஜோக்கர் என்ற வில்லனாக நடித்த ஹீத் லெட்ஜர் இறந்துபோனார். கூட்டம் பெருகியதில் அந்தத் துயரத்துக்கும் பங்கு உண்டு. 'எக்ஸ்மென்' மூன்றாம் பாகம் நீண்ட விடுமுறை வாரயிறுதியில் வந்ததால் தொடக்கம் ஊதிப்போய், வீழ்ச்சியும் பெரிதாகத் தெரிந்தது. ஆய்வேட்டில் வசூலைப் போடுவதானால் பக்கத்திலேயே இந்தச் சூழலையும் போடுங்கள்.

இனி, உங்கள் 60 பேர் ஏன் பிளந்தார்கள் என்பதற்கு வருகிறேன். மூன்றாம் பாகத்தை யாரும் தனியாக எடை போடுவதில்லை, இரண்டாம் பாகம் விட்டுச்சென்ற ஆசையோடு வைத்துத்தான் போடுகிறார்கள். இரண்டாம் பாகத்துக்கு முடிக்க வேண்டிய கடமை கிடையாது. முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போகலாம், அதுவே அதன் அழகாகிவிடும். மூன்றாவது அவ்வளவையும் அவிழ்க்க வேண்டும். இங்கே நம் தமிழ் ரசிகர்களிடம் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'சிங்கம்' மூன்றாம் பாகம் வந்தபோது நாம் எதிர்பார்த்தது அதே துரைசிங்கம், புது வில்லன், புது வழக்கு. கதை அங்கே முடியப்போகிறது என்று யாரும் நினைக்கவில்லை. அந்தப் பழக்கத்தோடு வந்து உட்கார்ந்தவருக்கு, எட்டு ஆண்டுகளாக வீட்டுக்குள் முடங்கி ஊன்றுகோலோடு நடக்கும் புரூஸ் வேய்ன் (பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருப்பவர்) முதல் காட்சியிலேயே அதிர்ச்சி. "ஹீரோவை ரொம்ப நேரம் காட்டவே இல்ல" என்ற குறை உங்கள் தாள்களில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படம் வாக்களிக்காத ஒன்றைக் கேட்டவர் அவர். அவரையும், படம் வாக்களித்ததைத் தரவில்லை என்று சொல்பவரையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது.

ஓட்டைகளைப் பற்றிய குறைகளை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும். பாதாளச் சிறையிலிருந்து தப்பிய புரூஸ், கையில் காசில்லாமல், முற்றுகையிடப்பட்ட கோத்தம் நகருக்குள் எப்படி வந்தார்? உடைந்த முதுகு சில மாதங்களில் கயிற்றில் தொங்கியும் குத்து வாங்கியும் சரியாகுமா? நகரத்துப் போலீஸ் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் சுரங்கத்துக்குள் எந்த அதிகாரி அனுப்புவார்? எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டாம் பாகத்தில், மாடிவீட்டு விருந்துக்குள் ஜோக்கர் நுழைகிறான், புரூஸின் தோழி ரேச்சலை ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறான், பேட்மேன் பின்னாலேயே குதித்துக் காப்பாற்றுகிறார், காட்சி முடிந்துவிடுகிறது. மேலே விருந்தினர்கள் நடுவே நின்ற ஜோக்கர் அதன் பிறகு என்ன செய்தான்? படம் சொல்லவே இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் 60 பேரில் யாராவது எழுப்பினார்களா? எழுப்பியிருக்க மாட்டார்கள். கதை இழுத்துக்கொண்டு போகும்போது ஓட்டை கண்ணில் படாது. இழுப்பு தளர்ந்த இடத்தில்தான் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கும். இது என் தீர்ப்பு, நிறுவப்பட்ட விதி அல்ல. ஆனால் ஓட்டைக் குறை சொன்னவரிடம் "அந்த இடத்துக்கு முன்னால் எந்தக் காட்சியில் சலிப்பு வந்தது?" என்று அடுத்த கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

முடிவுக் காட்சிக்கு வருவோம். தொடரின் கடைசிப் படத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை பெறுவது அதுதான். உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் குழுவினரும் 1993-இல் செய்த ஒரு சோதனை இதை விளக்க உதவும். ஒரு முறை 60 நொடி 14 பாகை குளிர்நீரில் கை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 நொடிக்குப் பின் இன்னும் 30 நொடி, நீரை மெல்ல 15 பாகைக்குச் சூடாக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். வலி கூடுதல், ஆனால் முடிவு இதமானது. அனுபவத்தின் உச்சமும் கடைசித் தருணமுமே நினைவில் தங்குகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். குளிர்நீர்ச் சோதனையை ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உங்கள் 29 பேரிடம் 'எது நினைவிருக்கிறது' என்று கேட்டால் ஃபுளோரன்ஸ் நகரத்துத் தேநீர்க்கடையில் புரூஸைப் பார்த்து அவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் தலையசைப்பதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அந்தக் காட்சியைப் பற்றி ஒரு தவறான வாதமும் சுற்றுகிறது: அது ஆல்ஃபிரட்டின் கற்பனை, புரூஸ் உண்மையில் இறந்துவிட்டார் என்பது. படத்துக்குள்ளேயே அதற்கு எதிரான சான்றுகள் இருக்கின்றன. பேட்மேன் குண்டைக் கடலுக்குக் கொண்டுபோன விமானத்தின் தானியங்கி இயக்கத்தை ஆறு மாதங்களுக்கு முன்பே புரூஸ் சரிசெய்துவிட்டார் என்று, அவருக்குக் கருவிகள் செய்துதரும் ஃபாக்ஸுக்குத் தெரியவருகிறது. காணாமல்போன முத்துமாலை கடைசிக் காட்சியில் புரூஸோடு இருக்கும் செலினாவின் (கேட்வுமன்) கழுத்தில் இருக்கிறது. ஆனால் ஒருவர் 'இறந்துவிட்டார்' என்று நம்பிக்கொண்டு படத்தைக் கொண்டாடினால் அதுவும் எதிர்வினையே. அவரைத் திருத்த வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள். எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு ஒரு பத்தி, பிடித்ததா என்பதற்கு வேறு பத்தி.

மலேசியாவில் எழும் ஒரு விஷயம் உங்கள் ஆய்வேட்டுக்குத் தனி மதிப்பைத் தரும். பேன் என்ற வில்லன் முகமூடிக்குள்ளிருந்து பேசுவதால், 2011 டிசம்பரில் ஐமேக்ஸ் என்ற மிகப்பெரிய திரைகளில் படத்தின் தொடக்கக் காட்சியை முன்கூட்டியே காட்டியபோது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று அமெரிக்காவில் பலர் குறைப்பட்டார்கள். படம் வெளியானபோது அந்தக் குரல் முன்னைவிடத் தெளிவாக ஒலித்தது. நம் ஊர்த் திரையில் மலாயிலும் சீனத்திலும் சப்டைட்டில் ஓடுகிறது. ஆங்கிலம் காதில் நழுவினாலும் மலாய் வரியைப் படித்து பேன் சொன்னதை விளங்கிக்கொண்ட பினாங்குக்காரர், நியூயார்க்குக்காரரைவிட அந்த வில்லனை முழுதாகப் பெற்றிருக்கலாம். அதற்கு விலையும் உண்டு: கண் கீழே போகும்போது முகம் தவறிவிடும். சிரிப்பும் இரண்டு அலையாக வரும், வரியை முன்னால் படித்தவர்கள் முதலில், காதால் கேட்டவர்கள் பிறகு. அரங்கத்தில் சிரிப்பையும் கைத்தட்டலையும் குறிக்கும்போது இதை மறக்காதீர்கள். இரண்டாவது அலையைத் 'தாமதமான, அரைமனதான வரவேற்பு' என்று எழுதிவிட்டால் தவறு. எங்கே பார்த்தார் என்பதையும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலான காட்சிகள் ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்ட படம் இது. கைப்பேசியில் பார்த்தவரின் "நீளமா இருந்துச்சு" வேறு வகைப் பதில். சில படங்கள் இங்கே திரைக்கே வருவதில்லை. 2022-இல் 'தோர்: லவ் அண்ட் தண்டர்' மலேசியத் திரையரங்குகளுக்கு வரவில்லை. இடையில் ஒரு படத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்தது தொங்கலாகத்தான் படும், குறை அந்தப் படத்தில் இல்லாவிட்டாலும்.

காலத்தையும் பிரித்துப் பாருங்கள். 2012-இல் பார்த்ததை இப்போது நினைவுகூரும் ஒருவர் உங்களிடம் சொல்வது இன்றைய கருத்தை. 'ஸ்பைடர்மேன் 3'-இல் பீட்டர் தெருவில் நெளிந்து நடந்துபோகும் காட்சி 2007-இல் நகைப்புக்குள்ளானது. பின்னாளில் அதே காட்சி மீம்களாகிப் பாசத்தோடு பகிரப்பட்டது. 2021-இல், அந்தப் படங்களில் பீட்டராக நடித்த டோபி மெக்வயர் மறுபடி ஸ்பைடர்மேன் உடையில் வந்தபோது பழைய மூன்று படங்களும் சேர்ந்தே மனதில் மதிப்பு கூடின. ஆகவே உங்கள் 60 தாள்களையும் முதலில் மூன்றாகப் பிரியுங்கள்: வெளியான மாதமே திரையரங்கில் பார்த்தவர், பிறகு வீட்டில் பார்த்தவர், பல முறை பார்த்தவர். தகவல் இல்லாத தாள்களைத் தனியாக வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பிளவு பாதிக்குப் பாதியாக இருந்தது இந்த மூன்று கட்டுகளிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த முறை வாசலில் நிற்பதற்கு இப்படிச் செய்யுங்கள். திரையரங்கு மேலாளரிடமும் பேரங்காடி நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கல்லூரிக் கடிதம் இல்லாமல் போனால் காவலாளி பத்தே நிமிடத்தில் அனுப்பிவிடுவார். மூன்று காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: முதல் நாள் இரவு, இரண்டாம் சனிக்கிழமை மாலை, இரண்டாம் வாரத்தில் ஒரு வேலைநாள். இங்கே புதுப்படம் பெரும்பாலும் வியாழக்கிழமையே வந்துவிடுவதால், முதல் இரவுக் கூட்டம் இணைய மதிப்பெண்களின் தாக்கம் குறைவாகவே வரும். அந்த வாய்ப்பை விடாதீர்கள். காட்சிக்கு 40 அட்டை, மொத்தம் 120. வெளியே வருவோரில் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் நிறுத்துங்கள். சிரித்த முகமாகப் பார்த்து நிறுத்தினால் மாதிரி கெட்டுவிடும். பெயர்ப்பட்டியலுக்குப் பிறகும் குட்டிக் காட்சி வரும் படமென்றால் முன்னால் எழுந்து போகிறவர்கள் தனி வகை. அவர்களுக்கு அட்டையின் மூலையில் ஒரு குறி போடுங்கள். அரங்கத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் இரண்டிலும் ஆள் வேண்டும்.

நம்மவர்கள் குடும்பமாகவும் கும்பலாகவும் வருவார்கள். சேர்த்து நிறுத்திக் கேட்டால் மாமா சொன்ன பதிலையே அத்தனை பேரும் சொல்வார்கள். ஆளுக்கு ஓர் அட்டையும் பென்சிலும் கொடுத்து, பேச்சு தொடங்கும் முன் எழுதச் சொல்லுங்கள். வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம் ஆனால் ஒருவர் கருத்து இன்னொருவருக்குத் தொற்றிவிடும். அட்டையில் ஐந்து கேள்வி போதும். முதலில் மதிப்பெண், ஒன்று முதல் பத்துக்குள். பிறகு முந்தைய இரண்டு பாகங்களையும் பார்த்தாரா, கடைசியாக எப்போது. மூன்றாவது, படத்துக்கு வரும்போது எது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான்காவது, எந்த இடத்தில் மனம் ஒட்டவில்லை. ஐந்தாவது, முடிவில் என்ன நடந்தது என்று ஒரே வரியில். "பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்கவே வேண்டாம், மரியாதைக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். மூன்றாவதும் நான்காவதும்தான் இந்த ஆய்வின் உயிர்: ஆசை வேறு, ஏமாற்றம் வேறு என்று பிரித்துத் தருபவை அவை. பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எதையும் வாங்காதீர்கள். வாசலுக்குப் போகும் முன் ஐந்து பேரிடம் சோதித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒரு கேள்வியை வெட்டுங்கள்.

பதில்களை வகைப்படுத்தும்போது இருவர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட வேண்டும். பத்துப் பதில்களில் எட்டிலாவது இருவரும் ஒத்துப்போகாவிட்டால் வகைகளின் விளக்கம் தெளிவாக இல்லை. திருத்தி மறுபடி செய்யுங்கள். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுங்கள், நல்ல தமிழாக்கிவிடாதீர்கள். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒருவர் "ஓகே லா" என்றால் அது பாராட்டு அல்ல; "பரவால்ல" என்பதும் அப்படியே, "போலே லா" (மலாயில் 'ஆகும், பரவாயில்லை' என்பதுபோல்) இன்னும் ஒரு படி கீழே. குரல் இறங்கிச் சொன்னாரா, ஏறிச் சொன்னாரா என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டால் போதும். உங்கள் பழைய 60 தாள்களிலும் இந்த மூன்று சொற்களைத் தேடுங்கள். அவை 29 பேரின் பக்கத்தில் எண்ணப்பட்டிருந்தால், அந்தத் தாள்களை எடுத்து 'மிதமான பதில்' என்ற மூன்றாவது கட்டில் வையுங்கள்.